பதிலாள் கணினியும் இணையத்தில் முகம் மறைத்தலும்

கல்லூரி வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கப்படும்போது, வராத மாணவன் ஒருவனுக்காக மற்றொருவன் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லுவதுண்டு. இதனை மாணவர்கள் ‘ப்ராக்ஸி கொடுத்தல்’ என்பர். கம்பெனிச் சட்டத்தில், கூட்டத்துக்கு வர இயலாத பங்குதாரர் தமக்காக வாக்களிக்க அனுப்பும் ஆளுக்கும் இதே பெயர்தான். அதனைத் தமிழில் ‘பதிலாள்’ என்று வழங்குகிறோம். இணையத்தில் உலாவுவோர்க்கும் இத்தகைய பதிலாள் உண்டு. ஒருவர் ஓர் இணையதளத்தை நேரே அணுகாமல், இடையிலுள்ள வேறொரு கணினியை அணுகி, ‘எனக்காக அத்தளத்தைக் கேட்டு வாங்கித் தருக’ என்று ஏவலாம். தளமோ தன்னைக் கேட்டது இடைக்கணினி என்றே கொள்ளும். பின்னால் நிற்பவரை அது காண்பதில்லை. இவ்வசதியால் முகம் உண்மையில் மறைகிறதா, மறைந்தால் யாரிடமிருந்து மறைகிறது என்பதைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது நலம்.

முகம் மறைக்க விரும்புவோர் எல்லாரும் குற்றம் செய்பவர்கள் என்று எண்ணுவது தவறு. மும்பையிலிருந்து வடகிழக்கே, ரயில் பாதை நாசிக்கை நோக்கியும் புனேயை நோக்கியும் இரண்டாகப் பிரியும் கல்யாண் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உறவினர்களை உடைய தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூரிலும் இதனை அடுத்த டோம்பிவிலி, உல்லாஸ்நகர் ஆகிய இடங்களிலும் வாழ்கின்றன. இங்கு வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். காசநோயோ என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. அதன் அறிகுறிகளையும், இலவசச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதையும் அறிய விரும்புகிறார். ஆனால் வீட்டுக்காரர் அறிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவாரோ, மகளுக்குப் பேசிவரும் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. இத்தகைய மனிதரைக் களத்தில் பணியாற்றும் சுகாதார ஊழியர் ஒவ்வொருவரும் சந்தித்திருப்பர். அவர் நாடுவது தனிமை ஒன்றே. அது அவருடைய உரிமையும் ஆகும். தனிமை என்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இனி, அவர் தேடும்போது என்ன நிகழ்கிறது என்று காண்போம். இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் ஓர் எண் உண்டு. பழைய முறையில் இது நான்கு சிறு எண்களால் ஆனது; அம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமைய முடியும். அவை போதாமையால் புதிய நீண்ட முகவரி முறையும் வழக்கத்துக்கு வந்துள்ளது. ஒரு தளத்துக்கு நாம் அனுப்பும் வேண்டுகோளில் இவ்வெண் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லையேல் விடையை எங்கே அனுப்புவது? கடிதத்தில் அனுப்புநர் விலாசத்தை எழுதாமல் விடலாம். இணையத்தில் அவ்வாறு விட இயலாது. எண்ணைக் கண்ட அளவில் ஆளின் பெயர் தெரிந்துவிடாது. ஆயினும், இன்ன நேரத்தில் இன்ன எண்ணை இன்னாருக்கு வழங்கினோம் என்ற குறிப்பு இணைப்பு நிறுவனத்திடம் இருக்கும். இத்தகைய குறிப்புகளை இரண்டாண்டுக் காலமேனும் வைத்திருக்கவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதிகளைத் திருத்தியது.

நம் கல்யாண் அன்பர் ரயில் நிலையத்தில் அமர்ந்து ரயில்டெல் நிறுவனத்தின் இலவச வைஃபையைப் பயன்படுத்தினாலும் நிலைமை பெரிதும் மாறாது. கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் கடவு எண்ணைப் பதித்த பின்னரே இணைப்புக் கிட்டும். அந்தக் கைபேசி எண்ணோ அடையாளச் சான்று காட்டிப் பெற்ற ஒன்று.

தமிழ்நாட்டில் ‘பிரௌசிங் சென்டர்’ என்றும் மும்பையில் ‘சைபர் கஃபே’ என்றும் வழங்கும் கடைக்குச் சென்றால் பிழைக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அங்குள்ள விதிகளைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் ‘பதிலாள் கணினி’ என்ற சொல்லே அவற்றில் இடம் பெற்றிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வெளியிடப்பட்ட சைபர் கஃபே விதிகளின்படி, வருபவர் அடையாளச் சான்று காட்டவேண்டும். அவர் பெயர், முகவரி, வந்த நேரம், சென்ற நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து ஓராண்டேனும் வைத்திருக்கவேண்டும். மாதந்தோறும் அதன் சுருக்கத்தை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் உரியவரிடம் அளிக்கவேண்டும். தடுப்பு அறைகளின் உயரம் நாலரை அடிக்கு மேற்படலாகாது. தடுப்பில்லாத இடத்துக் கணினித் திரைகள் வெளிப்புறம் நோக்கியிருத்தல் வேண்டும். இவையன்றி, எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற வரலாற்றையும், கடையில் நிறுவியுள்ள பதிலாள் கணினியின் பதிவுகளையும் ஓராண்டு பாதுகாக்கவேண்டும் என்பது விதி. ஆகவே அக்கடையின் பதிலாள், வாடிக்கையாளரின் முகத்தை மறைப்பதற்காக அமைந்ததன்று. அவர் சென்ற வழியைக் குறித்து வைப்பதே அதன் வேலை.

உண்மையில் பதிலாள் கணினி முதன்முதல் தோன்றியதும் முகம் மறைப்பதற்காக அல்ல. வைய விரிவலை பிறந்த ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான செர்ன் கூடத்தில் 1994-ஆம் ஆண்டளவில் இது உருவாக்கப்பட்டது. பாதுகாப்புச் சுவருக்குள் இருக்கும் கணினிகள் வெளியுலகை அடைய ஒரு வாயில் வேண்டும். பலர் கேட்கும் அதே பக்கத்தைப் பலமுறை தொலைவிலிருந்து தருவிக்காமல் ஒருமுறை வாங்கிச் சேமித்து வழங்கவேண்டும். இவையே அதன் நோக்கங்கள். இவ்வகைப் பதிலாள்களுள் பல, தளத்துக்குச் செல்லும் வேண்டுகோளின் தலைப்பில் ‘இது இன்ன எண்ணுள்ளவருக்காக’ என்று உண்மையான முகவரியையும் எழுதி அனுப்பிவிடும். தபால்காரர் உறையின் பின்புறத்தில் நம் விலாசத்தைத் தாமே எழுதிவிடுவது போன்றது இது. அத்தலைப்பை நீக்கிவிட்டு அனுப்பும் பதிலாள்களே முகமறைப்புக்கு ஓரளவேனும் உதவுவன.

அவை உதவும் அளவு எவ்வளவு? ஒருவர் உலாவுவதை நால்வர் காணக்கூடும்: அவர் பயன்படுத்தும் கணினிக்கு உடையவர், இணைப்புத் தரும் நிறுவனம், இடையிலுள்ள பதிலாள், இறுதியிலுள்ள தளம். பதிலாள் மறைப்பது இறுதியிலுள்ள தளத்திடமிருந்து மட்டுமே. பதிலாளுக்கும் நமக்கும் இடையே செல்லும் செய்தி சங்கேதமாக்கப்பட்டிருந்தால் இணைப்பு நிறுவனத்திடமிருந்தும் மறையும். வி.பி.என். என்று வழங்கும் தனிப்பாதைச் சேவைகள் செய்வது இதனையே. இரண்டு முறைகளிலும் பதிலாளுக்கு நம் எண் தெரியும். நாம் நாடும் தளமும் தெரியும். முன்பு இணைப்பு நிறுவனத்திடம் இருந்த அறிவு இப்போது பதிலாளின் கைக்கு மாறுகிறது. ஆகவே, பதிலாள் யார், அவர் எச்சட்டத்துக்கு உட்பட்டவர், எதனால் பிழைக்கிறார் என்ற வினாக்களே முதன்மையானவை.

இதற்கு ஒரு பழைய சான்று பின்லாந்தில் உண்டு. யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993 முதல், கடிதங்களிலிருந்து அனுப்புநர் பெயரை நீக்கி அனுப்பும் கணினி ஒன்றை நடத்திவந்தார். அவர் நேர்மையாளர், பணம் பெறாமல் செய்தவர். ஆயினும் எந்தப் புனைபெயர் எவருக்குரியது என்ற பட்டியல் அவருடைய கணினியில் இருந்தே தீரவேண்டும். இல்லாவிடில் விடைக்கடிதம் போய்ச் சேராது. 1995-இல் போலீசார் சட்டப்படி வந்து கேட்டபோது ஒரு பெயரை அவர் கொடுக்க நேர்ந்தது. மறு ஆண்டு அச்சேவையையே மூடிவிட்டார்.

அவரைப் போன்றோர் சிலர். இன்று இலவசமாகக் கிடைக்கும் பதிலாள் செயலிகளை நடத்துவோர் பெரும்பாலும் வேறு கணக்கு உடையவர்கள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்களுடன் உழைத்தோரும் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான 283 வி.பி.என். செயலிகளைச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 18 சதவிகிதம் செய்தியைச் சங்கேதமாக்கவே இல்லை. 75 சதவிகிதத்தில், பயன்படுத்துவோரைப் பின்தொடரும் அயலார் நிரல்கள் அமைந்திருந்தன. 38 சதவிகிதத்தில் தீநிரல்களின் அடையாளங்கள் தென்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில், ஹோலா என்னும் இலவசச் சேவை தன்னை நிறுவிக்கொண்டோரின் இணைப்புகளையே பிறருக்குப் பதிலாளாக விற்றுவந்தது வெளியாயிற்று. நாம் பிறர் முகவரிக்குப் பின்னால் ஒளிவதாக எண்ணும்போது, முன்பின் அறியாத ஒருவர் நம் முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடும். அவர் செய்த காரியத்துக்காக நம் வீட்டுக் கதவு தட்டப்படலாம்.

ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பேஸ்புக் நிறுவனம், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 13 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு மாதந்தோறும் பணம் அல்லது பரிசு அட்டை கொடுத்து, தன் ‘ஆராய்ச்சி’ வி.பி.என். செயலியைக் கைபேசியில் நிறுவச் செய்தது என்பது 2019 ஜனவரியில் வெளியாயிற்று. அச்செயலி நிறுவச் சொன்ன ‘சான்றிதழ்’ ஒன்றினால், சங்கேதமாக்கப்பட்ட செய்திகளையும் பிரித்துப் படிக்க வழி ஏற்பட்டது. எந்தப் பதிலாளாவது ‘இச்சான்றிதழை நிறுவுக’ என்று கேட்டால், பெட்டியின் பூட்டோடு சாவியையும் அது கேட்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

நம் நாட்டில் பதிலாளை ஆளும் சட்டம் 2022-இல் மாறியது. கணினி அவசர நிலைக் குழுவான செர்ட்-இன் அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, வி.பி.என். சேவை நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்க்கப்பட்ட முகவரி, தொடர்பு எண், வழங்கிய ஐ.பி. முகவரிகள், சேவையை நாடிய நோக்கம் ஆகியவற்றைச் சேவை முடிந்த பின்னும் ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. நிறுவனங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் உள் இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. இணையக் குற்றங்களைத் துப்புத் துலக்க இது தேவை என்பது அரசின் நிலை. எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் முதலிய அயல்நாட்டு நிறுவனங்கள் இதனை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன. வி.பி.என். பயன்படுத்துவது நாடு முழுவதற்கும் பொதுவாகத் தடுக்கப்பட்டதன்று; எனினும் ஜம்மு-காஷ்மீரின் சில மாவட்டங்களில் குறிப்பிட்ட காலங்களில் தடை ஆணைகள் பிறந்ததுண்டு.

ஒரே பதிலாளை நம்பவேண்டியிருப்பதே குறை என்றால், பலரை வைத்து எவருக்கும் முழுச் செய்தி தெரியாதபடி செய்யலாகாதா? இவ்வெண்ணத்தை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகியோர் செயலாக்கினர். உரிக்க உரிக்கத் தோல் வருவதால் இதற்கு ‘வெங்காய வழி’ என்று பெயர். இதிலிருந்து வளர்ந்ததே ‘டார்’ என்னும் வலை.

மும்பையில் ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் டப்பாவாலாக்களின் தொழிலை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். வீட்டில் டப்பாவை வாங்குபவர் ஒருவர். ரயிலில் கொண்டுசெல்பவர் வேறொருவர். அலுவலக வாசலில் கொடுப்பவர் மற்றொருவர். டப்பாவின் மேல் உண்பவரின் முழு விலாசம் இராது, குறியீடுகளே இருக்கும். டார் வலையில் நம் வேண்டுகோள் ஒன்றனுள் ஒன்றாக மூன்று பூட்டிய பெட்டிகளில் வைத்து அனுப்பப்படுகிறது. முதற் கணினி வெளிப்பெட்டியைத் திறந்து அடுத்த கணினியின் பெயரை மட்டும் காணும். அதற்கு அனுப்பியவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. நடுவிலுள்ளதற்கு இரண்டும் தெரியா. மூன்றாவதற்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியார். மூவரும் கூடிப் பேசினாலன்றி, அல்லது முதலையும் கடையையும் ஒருவரே கண்காணித்தாலன்றி, இருமுனைகளையும் இணைப்பது கடினம். வேகம் குறைவு என்பது இதன் விலை.

ஆனால் மூன்றாவது கணினி கடைசிப் பெட்டியைத் திறந்தாகவேண்டும் அல்லவா? உள்ளே இருப்பது மூடியில்லாத டப்பாவானால், அதிலிருப்பது சாம்பாரா ரசமா என்பது அதற்குத் தெரிந்துவிடும். இதனை நம் நாடே ஒருமுறை பட்டறிந்தது. 2007 ஆகஸ்டு இறுதியில் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் நாட்டு இளைஞர், பல நாட்டுத் தூதரகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 100 மின்னஞ்சல் கணக்குகளின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் வெளியிட்டார். சீனாவிலிருந்த இந்தியத் தூதர், தேசியப் பாதுகாப்பு அகாதெமி, பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி அமைப்பு ஆகியோருக்குரிய கணக்குகளும் அப்பட்டியலில் இருந்தன. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. டார் வலையில் கடைசி நிலைக் கணினிகளாக ஐந்தினைத் தாமே அமைத்து, அவற்றின் வழியே சங்கேதமாக்கப்படாமல் சென்ற கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. கணக்குக்கு உடையவர்களே டாரைப் பயன்படுத்தினர் என்றும் கொள்வதற்கில்லை. அக்கணக்குகளை முன்னரே களவாடிய எவரோ தம் முகத்தை மறைக்க அவ்வழியே நுழைந்திருக்கலாம் என்றும் கருதப்பட்டது. எவ்வாறாயினும் கடவுச்சொற்கள் திறந்தபடியே சென்றன என்பது உறுதி. விலாசத்தை மறைப்பது வேறு, உள்ளடக்கத்தை மறைப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இன்று பெரும்பாலான தளங்களின் முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்குகிறது. அவ்வாறு தொடங்கும் தளத்துக்குச் செல்லும் செய்தி சங்கேதமாக்கப்பட்டது. இடையிலுள்ளவர் தளத்தின் பெயரை அறிவாரேயன்றி, அதில் என்ன படித்தோம், என்ன எழுதினோம் என்பதை அறியார்.

எண்ணை மறைத்துவிட்டால் தளத்துக்கு நம்மை அடையாளம் தெரியாது என்பதும் முழு உண்மையன்று. உலாவி, தளத்துக்குப் பல செய்திகளைத் தானே கூறிவிடுகிறது: திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியுள்ள எழுத்துருக்கள், விரும்பும் மொழி. இவை ஒவ்வொன்றும் பொதுவானவை. சேர்ந்தால் கைரேகை போன்றவை. அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010-இல் ஏறத்தாழ 4,70,000 உலாவிகளை ஆராய்ந்தபோது, 83.6 சதவிகிதம் தமக்கு இணை இல்லாதனவாக இருந்தன. தமிழ் எழுத்துருக்களை நிறுவி, ‘எனக்குத் தமிழில் தருக’ என்று கேட்கும் உலாவி மதுரையைக் காட்டிலும் கல்யாணில் அரிது. அரிதாக இருப்பதே அடையாளம். டார் உலாவி தன்னைப் பயன்படுத்துவோர் எல்லாரையும் ஒரே தோற்றத்தில் காட்ட முயல்வதன் காரணம் இதுவே.

அந்த முயற்சியும் ஓரிடத்தில் தோற்றது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் ஒன்று டார் வழியே வந்தது. அனுப்பியவரை டாரை உடைத்துப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக இணைப்பிலிருந்து டாரை அணுகியவர் யார் என்று பதிவுகளைப் பார்த்தனர். ஒரு மாணவர் அகப்பட்டார். முகமூடி அணிந்தவர் ஒருவரே இருக்கும் தெருவில் முகமூடி என்ன பயன் தரும்?

இனி நம் அன்பர்களின் அன்றாடப் பணிக்கு வருவோம். அரசு ஊழியர்கள் அலுவலக வேலையில் வெளியார் நடத்தும் வி.பி.என்., டார், பதிலாள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. காசநோயாளிகளின் விவரங்களை நிக்ஷய் தளத்தில் பதியும் ஊழியர், இலவசப் பதிலாளின் வழியே அதனைச் செய்தால், தம்முடைய தனிமையோடு தம்மை நம்பியவருடைய தனிமையையும் முன்பின் அறியாதார் கையில் கொடுத்தவர் ஆவார். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் விஷயத்தில் இது மேலும் கடுமையானது. அவர் நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துவது, சட்டம் விலக்களித்த சூழல்கள் நீங்கலாக, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தால் தடுக்கப்பட்டது. வங்கிக் கணக்குக்கும் இலவசப் பதிலாள் ஆகாது. உலாவியின் ‘இன்காக்னிட்டோ’ சாளரம், மூடியபின் அக்கணினியில் சுவடு விடாது என்ற அளவுக்கே பயன்படும். இணைப்பு நிறுவனத்துக்கும் தளத்துக்கும் அது திரையிடுவதில்லை. நம் இருமல் அன்பருக்கோ, தம் சொந்தக் கைபேசியில், ‘எச்.டி.டி.பி.எஸ்.’ உள்ள அரசுத் தளம் ஒன்றை, எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் படிப்பதே பெரும்பாலும் போதுமானது. வீட்டுக்காரர் அறியாமலிருக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. இணைப்பு நிறுவனமும் அறியலாகாது என்று கருதுவோர்க்கு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பெற்ற டார் உலாவி உண்டு. அதில் தம் பெயருள்ள கணக்கில் நுழைந்துவிட்டால் மறைப்பு அந்தத் தளத்தைப் பொறுத்தவரை அக்கணமே தீர்ந்தது.

பள்ளிக் கணினி அறையைப் பொறுப்பேற்ற ஆசிரியர் மற்றொரு வகையில் இதில் தொடர்புடையவர். அங்கே பதிலாள் அவரே. பல பள்ளிகளில் ‘ஸ்குவிட்’ என்னும் இலவசப் பதிலாள் நிரல் இயங்குகிறது. எந்தக் கணினியிலிருந்து எந்தத் தளம் எப்போது கேட்கப்பட்டது என்பதை அது வரி வரியாக எழுதி வைக்கும். பருவ வயது மாணவி ஒருத்தி வீட்டில் கேட்க அஞ்சும் ஐயத்தை அங்கே தேடியிருப்பாள். அவ்வரிகளை வேடிக்கையாகப் பிறர் படிப்பது தகாது. சைபர் கஃபே விதிகள், பொதுமக்களுக்கு வணிகமாக இணைப்பு வழங்கும் இடங்களுக்கே உரியவை, பள்ளிக்கு அல்ல. ஆகவே பதிவுகளை எவ்வளவு காலம் வைப்பது, யார் பார்ப்பது என்பதைத் தலைமையாசிரியருடன் கலந்து முன்கூட்டியே முடிவு செய்து, அறையின் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். அந்நிரலில் ‘கிளையண்ட் நெட்மாஸ்க்’ என்ற அமைப்பை மாற்றினால், பதிவேட்டில் கணினியின் எண் முழுமையாக விழாமல் முற்பகுதி மட்டும் விழும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் தேடுசொற்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அமைப்பு அதில் இயல்பாகவே இயங்கும் நிலையில் உள்ளது. அதனை யாரும் நிறுத்திவிடவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.